உப்பைக் குறையுங்கள்: ஸ்காபரோ பிளாசா உரிமையாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

டொரொன்டோவின் ஸ்காபரோவிலுள்ள மதிப்பிற்குரிய பிளாசா (கடைத்தொகுதி) உரிமையாளர்களுக்கும், அங்கே பனி அகற்றும் ஒப்பந்தக்காரர்களுக்கும் வணக்கம்.

நான் மரக்கறி வாங்கப் போகும் பிளாசாவின் ஓரத்தில் ஒரு சீடர் (cedar) மர வேலி நிற்கிறது. வாகனத் தரிப்பிடத்தைப் பார்த்த பக்கம், ஏப்ரலில் துருப்பிடித்த மாதிரிக் கருகியிருந்தது. மறுபக்கம் நல்ல பச்சை. வேரடி மண்ணைக் கிளறிப் பார்த்தேன். மேலே பொருக்குத் தட்டி, கீழே இறுகிக் கிடந்தது.

இதற்குக் காரணம், பனி உருகவென்று தரிப்பிடத்தில் நீங்கள் போடும் உப்பு. உப்பிலுள்ள சோடியம், மண்ணிலிருக்கும் கல்சியத்தைத் தள்ளிவிட்டு அதன் இடத்தில் ஒட்டிக்கொள்கிறது. மண்ணின் கட்டுக் குலைந்து, காற்றும் தண்ணீரும் இறங்க வழியில்லாமல் போகிறது. ஈரம் இருந்தாலும் வேரால் அதை உறிஞ்ச முடிவதில்லை. குளோரைடோ மண்ணில் தங்காமல், உருகும் பனியோடு நிலத்தடி நீருக்கும் ஸ்காபரோவில் ஓடும் ஹைலண்ட் ஓடைக்கும் போய்விடுகிறது. யாழ்ப்பாணத்தில் நன்னீர்க் கிணறு உவராகிப் போனதைக் கண்ட எங்களுக்கு இதன் வலி தெரியும்.

வீதி உப்பு சுற்றுச்சூழலுக்குக் கேடு என்று கனடா அரசு 2001இலேயே சொல்லிவிட்டது. 2004இல் நடைமுறை விதிகளும் வந்தன. ஆனால் அவை வீதிகளைப் பராமரிக்கும் நிர்வாகங்களுக்கானவை. உங்கள் தரிப்பிடங்களில் எவ்வளவு உப்புப் போடுவது என்பது உங்கள் கையில்தான் இருக்கிறது.

உப்பே வேண்டாம் என்று நான் கேட்கவில்லை. ஒரு பிளாசா வாசலில் வழுக்கி விழுந்து என் அம்மாவின் கை முறிந்தது. வழக்கு வந்துவிடுமோ என்ற உங்கள் பயமும் எனக்கு விளங்குகிறது. ஆனால் பனியை வழிக்காமல் அதன்மேல் உப்பைக் கொட்டுவதால் யாருக்கும் பாதுகாப்பில்லை. முதலில் வழியுங்கள், பிறகு தூவுங்கள். நடைபாதையில் பத்துச் சதுரக் கொங்கிரீட் பாளங்களுக்கு ஒரு கோப்பை உப்புப் போதும். வெப்பநிலை மைனஸ் 10 பாகை செல்சியசுக்குக் கீழே போனால் சாதாரண உப்பு அவ்வளவாக வேலை செய்யாது. அன்றைக்கு மணல் போடுங்கள். காய்ந்த தாரில் உப்புக் கல் நெறுநெறுவென்று மிதிபட்டால், கூட்டி அள்ளி அடுத்த பனிக்கு வையுங்கள். அப்புறம், வழித்த பனியைத் தயவுசெய்து மரப் பாத்திகளில் குவிக்காதீர்கள்.

இன்னொன்று. உப்புப் போடும் ஒவ்வொரு தடவைக்கும் காசு என்று ஒப்பந்தம் எழுதினால் உப்புக் கூடத்தான் செய்யும். வரும் மாரிக்கு மொத்தமாக ஒரு தொகை பேசி எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் வாடிக்கையாளர் ஒருவர்