எந்தத் தாளை நம்பி ஃபார்மலின் புட்டியைத் திறப்பது?

ஆய்வக வேதிப்பொருள்கள் விற்கும் நிறுவனத்தாருக்கு,

வணக்கம். கல்லூரி ஒன்றின் விலங்கியல் ஆய்வகம் என் பொறுப்பில் இருக்கிறது. சென்ற மாதம் அலமாரியை ஒழுங்குபடுத்தியபோது, இறந்த உயிரினங்களைக் கெடாமல் வைக்க உதவும் ஃபார்மலின் கரைசலின் புட்டிகள் மூன்று கிடைத்தன. மூன்றும் வெவ்வேறு நிறுவனங்களுடையவை. மூன்றிலும் ஃபார்மால்டிஹைடு 37 விழுக்காடு என்றே அச்சிட்டிருந்தது. பொருளின் ஆபத்தையும் கையாளும் முறையையும் சொல்லும் பாதுகாப்புத் தரவுத் தாள்களை அவற்றுக்கு வரவழைத்து, மேசையில் பரப்பி வைத்துப் படித்தேன்.

முதல் தாள் "புற்றுநோயை உண்டாக்கலாம்" என்கிறது. இரண்டாவது "உண்டாக்கும் எனச் சந்தேகிக்கப்படுகிறது" என்கிறது. மூன்றாவதில் புற்றுநோய் என்ற சொல்லே இல்லை. கண்ணும் தோலும் எரியும் என்பதோடு முடித்துவிட்டார்கள்.

தாளுக்குத் தாள் வேறுபாடு இருப்பதாலேயே நான் குறை சொல்லவில்லை. ஃபார்மலின் நாளடைவில் வெள்ளையாகத் திரண்டு அடியில் படியாமலிருக்க, மெத்தனால் என்ற எளிதில் தீப்பற்றும் ஆல்கஹாலைச் சேர்க்கிறீர்கள். அது 15 விழுக்காடு வரை இருந்தால் கரைசலின் ஆவி ஏறத்தாழ 50 டிகிரியிலேயே பொறி பட்டால் தீப்பற்றும். மெத்தனாலே இல்லாவிட்டால் 80 டிகிரியைத் தாண்ட வேண்டும். மெத்தனால் 10 விழுக்காட்டை எட்டினால், உள்ளுறுப்புகளைப் பாதிக்கும் என்ற எச்சரிக்கையும் ஐரோப்பிய விதிப்படி கடுமையாகும். ஆகவே இரு தாள்களில் இரு எண்கள் இருப்பது பிழையன்று. ஆனால் இரண்டாவது தாள் "மெத்தனால் 0 முதல் 15 விழுக்காடு" என்கிறது. சித்திரை வெயிலில் கொதிக்கும் எங்கள் கிடங்கில் அந்தப் புட்டியை எங்கே வைப்பது?

புற்றுநோய் விஷயத்தில் இப்படிச் சமாதானம் சொல்ல முடியாது. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-லேயே ஃபார்மால்டிஹைடை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று வகைப்படுத்திவிட்டது. ஐரோப்பிய ஒன்றியம் 2014-இல் தன் பட்டியலில் "சந்தேகம்" என்ற நிலையிலிருந்து அதை மேலே ஏற்றியது. உங்கள் இரண்டாவது தாள் 2011-இல் திருத்தப்பட்டது. மூன்றாவதில் தேதியே இல்லை.

காற்றில் எவ்வளவு வரை தாங்கலாம் என்ற பகுதியைப் பாருங்கள். எட்டு மணி நேர வேலைக்கு அமெரிக்கச் சட்டம் பத்து லட்சத்தில் 0.75 பங்கு என்கிறது, ஐரோப்பா 0.3 என்கிறது. 2025 வரை நடப்பிலிருந்த நம் தொழிற்சாலைகள் சட்டத்தின் அட்டவணை 1 பங்கு என்றது. கல்லூரிக்கு அச்சட்டம் நேரடியாகப் பொருந்தவில்லை என்பது வேறு. எந்த நாட்டு எண் என்று சொல்லி எழுதினால் போதும், நாங்கள் புரிந்துகொள்வோம். மூன்றாவது தாள் அந்த இடத்தைக் காலியாக விட்டிருக்கிறது.

இந்தத் தாள் யாருக்காக என்பதையும் சொல்ல வேண்டும். தவளையும் மீனும் மிதக்கும் குடுவைகளில் கரைசலை மாற்றுபவர் எங்கள் ஆய்வக உதவியாளர், 26 ஆண்டுகளாக. கண்ணில் நீர் வழிய, மூக்கில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு ஊற்றுவார். துணி அந்த ஆவியைத் தடுக்காது. "தகுந்த முகக்கவசம்" என்று ஆங்கிலத்தில் எழுதியதை அவரால் படிக்க முடியாது. படித்தாலும் எந்தக் கவசம் என்று அதில் இல்லை. முதல் தாள் மட்டும் முகக்கவசத்தில் பொருத்தும் ஃபார்மால்டிஹைடுக்கான வடிகுப்பியைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. அந்த நிறுவனத்தாருக்கு என் நன்றி.

மற்றவர்களிடம் கேட்பது இவ்வளவே: தாளில் திருத்திய தேதி இருக்கட்டும், அனுப்பும் புட்டியில் உள்ள மெத்தனாலின் அளவை எழுதுங்கள், எச்சரிக்கையும் முதலுதவியும் அடங்கிய ஒரு பக்கத்தையாவது தமிழில் தாருங்கள்.

செய்முறைத் தேர்வுக்கு முன் குடுவைகளில் கரைசல் மாற்ற வேண்டும். உங்கள் பதில் வரும் வரை மூன்றாவது புட்டியைத் திறக்க வேண்டாம் என்று அவரிடம் சொல்லியிருக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு விலங்கியல் ஆசிரியர்