எங்கள் பிள்ளைகளுக்கு எங்களில் ஒருவர் படிப்பிக்கட்டும்

மாகாணக் கல்வி அதிகாரிகளுக்கும் ஆசிரியர் பயிற்சிக்குப் பொறுப்பானவர்களுக்கும்,

வணக்கம். மட்டக்களப்பு மாவட்டத்தில் வாகரைப் பக்கம் இருக்கும், இலங்கையின் பழங்குடிகளான எங்கள் வேடர் கிராமங்களைப் பற்றி உங்களுக்கு நான் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. இந்த முறை ஒரு கொப்பியைப் பற்றி எழுதுகிறேன்.

அக்காவின் மகள் ஆறாம் தரம். 'எங்கள் ஊர்த் திருவிழா' என்று கட்டுரை எழுதச் சொன்னார்கள். பிள்ளை எங்கள் சடங்கை எழுதினாள். பந்தல் போட்டது, தாத்தா உருவேறி ஆடியது, கப்பல் தெய்வத்துக்குப் பாடியது, எல்லாமாக ஒன்றரைப் பக்கம். மறுநாள் கொப்பி திரும்பி வந்தது. தாள் கிழியும் அளவுக்குச் சிவப்புப் பேனையால் வெட்டி, 'கோயில் திருவிழாவை எழுதவும்' என்று இருந்தது. மறுபடி எழுதினாள். தேர் இழுத்ததாக எழுதினாள். எங்கள் ஊரில் தேரே கிடையாது.

அந்த ஆசிரியை கெட்டவர் இல்லை. எங்கள் சடங்கைப் பற்றி எந்தப் பயிற்சியிலும் அவருக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. ஆனால் கரையோர வேடரின் கப்பல் சடங்கை மானுடவியல் ஆய்வாளர்களான செலிக்மன் தம்பதியினர் 1911இலேயே புத்தகத்தில் எழுதிவிட்டார்கள். வெள்ளைக்காரர் எழுதியதை எங்கள் பிள்ளை தன் கொப்பியில் எழுதக் கூடாதா?

வீட்டில் நாங்கள் பேசுவது தமிழ்தான். பழைய வேடப் பேச்சு சடங்குப் பாட்டுகளில்தான் மிச்சம். சில சொற்களுக்குப் பொருள் கேட்டால் தாத்தாவே யோசிக்கிறார்.

அதனால்தான் கேட்கிறேன், வேடர் கிராமங்களிலிருந்து ஆசிரியர்களை எடுங்கள். போரில் ஓடினோம், சுனாமியில் ஓடினோம். திரும்பி வந்தால் பாடத்துக்கு ஆசிரியர் இல்லை. வந்தவரும் இடமாற்றம் கிடைக்கும் நாளை எண்ணிக்கொண்டிருப்பார். அப்படிப் படித்த பிள்ளை பல்கலைக்கழக அனுமதிக்கான வெட்டுப்புள்ளியில் நகரத்துப் பிள்ளையோடு எப்படிப் போட்டி போடும்? சரி, கேட்க வந்ததை விட்டு விலகிவிட்டேன், மன்னியுங்கள்.

ஆசிரியர்களைப் பயிற்றுவிக்கும் கல்வியியற் கல்லூரியில் எங்கள் பிள்ளைகளுக்கென்று சில இடங்கள் ஒதுக்குங்கள். 3 வருடப் பயிற்சியில் கடைசி வருடம் பாடசாலையில்தானே. அந்த வருடத்தை எங்கள் ஊர்களில் செய்ய விடுங்கள். பெரியவர்களோடு இருந்து பாட்டையும் தேன் எடுப்பதையும் கேட்டுப் பாடமாக்கட்டும். 2007இல் ஐ.நா.வின் பழங்குடி மக்கள் உரிமைப் பிரகடனத்துக்கு இலங்கையும் ஆதரவாக வாக்களித்தது. தங்கள் மொழியில், தங்கள் பண்பாட்டு முறையில் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கும் உரிமையை அதன் 14ஆம் உறுப்புரை சொல்கிறது.

தயவுசெய்து வேடர் கிராமங்களிலிருந்து ஆசிரியர்களை எடுங்கள். அக்காவின் மகளுக்கு ரீச்சராக வேண்டுமாம். அவள் உயர்தரம் எழுத இன்னும் 7 வருடம் இருக்கிறது. தாத்தாவுக்கு இப்போதே 78 வயது.

இப்படிக்கு,
வாகரைப் பக்கத்துத் தொண்டர் ஆசிரியை ஒருத்தி