மீற்றரைப் பார்த்து ஏமாற வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

யாழ்ப்பாணத்தில் எங்காவது ஒரு கடை தீப்பற்றினால், தீயணைப்பு வாகனம் தாமதித்து வந்தது என்ற முறைப்பாடும் கூடவே எழும். புதிய வாகனம் வேண்டும் என்று ஆளாளுக்குக் கேட்பார்கள். கேட்கட்டும். லொறிகளின் அடியில் படுத்தே காலத்தைக் கழித்தவன் என்ற வகையில் என் கவலை வேறு. வருகிற வாகனம் நம் ஒழுங்கைகளில் எத்தனை ஆண்டு நின்றுபிடிக்கும்?

சாமான் ஏற்றிப் போகிற லொறி பல வேளைகளில் வெறுமையாகத் திரும்பும், வெறுமையாகவே இரவைக் கழிக்கும். சில்லுகளுக்கு மேலே பாரத்தைத் தாங்குகிற அதன் ஸ்பிரிங் தட்டுகளுக்கு ஓய்வு உண்டு. தீயணைப்பு வாகனத்துக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. 4,000 லீற்றர் தாங்கி என்றால் தண்ணீர் மட்டுமே 4 தொன். அதற்கு மேல் பம்ப், ஏணி, குழாய்ச் சுருள்கள், ஆட்கள். அழைப்பே வராத நாளிலும் இவ்வளவு பாரமும் தட்டுகளின் மேல்தான் இருக்கும்.

ஆகவே, "மீற்றர் அதிகம் ஓடவில்லை, வாகனம் புதிது போலத்தான்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வெளிநாடுகளில் பாவித்துக் கழித்த வாகனத்தை வாங்கும்போதும் இந்தக் கதையைத்தான் சொல்வார்கள். தீயை அணைக்கும்போது வாகனம் ஓரிடத்தில் நிற்கிறது, பம்பைச் சுழற்றுவது எஞ்சின். மணிக்கணக்கில் அது உழைத்தாலும் மீற்றரில் ஒரு கிலோமீற்றர்கூட ஏறாது. ரயரின் கதையும் அப்படித்தான். மேற்பரப்பு தேயாமல் புதிதாகத் தெரியும், பக்கச் சுவரில் ரப்பர் வெடித்திருக்கும். அமெரிக்கத் தீயணைப்புத் தர விதிகளின்படி, தேய்ந்தாலும் தேயாவிட்டாலும் ஏழு ஆண்டுக்கு ஒருமுறை ரயரை மாற்ற வேண்டும்.

இனி வீதிக்கு வருவோம். கண்டி வீதியிலும் பலாலி வீதியிலும் பெரிய குறை சொல்ல முடியாது. அங்கிருந்து ஒழுங்கைக்குள் திரும்பியதும்தான் சங்கடம். குழாய் பதிக்கக் குறுக்கே வெட்டுகிறார்கள். அள்ளிய மண்ணையே தள்ளி மூடி, மேலே கொஞ்சம் கல்லைக் கொட்டிவிட்டுப் போகிறார்கள். முதல் மாரியோடு அது ஒரு சாண் இறங்கிவிடும். பாரத்தோடு வருகிற வாகனம் அதைச் சரிவாகக் கடக்கும்போது ஒரு முன்சில்லு மட்டும் பள்ளத்தில் விழுகிறது. வாகனத்தின் அடிச்சட்டமான சேசிஸ் முறுகும். மேலே இருக்கிற தாங்கியோ முறுகாது. இரண்டுக்கும் இடையிலுள்ள பிடிப்புகள்தான் அந்த இழுபறியைத் தாங்க வேண்டும். தாங்கி அரைவாசி காலியாக இருந்தால் இன்னும் மோசம். உள்ளே தடுப்புத் தகடுகள் இருந்தாலும், தண்ணீர் அலைந்து வாகனத்தையே ஒரு பக்கம் இழுக்கும். சாரதிகளைக் கேட்டுப் பாருங்கள்.

ஸ்பிரிங் தட்டு பெரும்பாலும், தட்டுகளைச் சேர்த்துப் பிடிக்கிற நடு போல்ட்டின் துளையில்தான் உடைகிறது. சேசிஸில் விழுகிற வெடிப்பு, சேறு படிந்திருக்கும்வரை கண்ணில் படாது. நன்றாகக் கழுவிவிட்டு விளக்குப் பிடித்துப் பார்த்தால், பெயின்ரின் மேல் மயிரிழை போல ஒரு துருக்கோடு ஓடும். அந்த நிலையில் பிடித்தால் அது சின்ன வேலை. விட்டுவிட்டால் அழைப்புக்குப் போகும் வழியில் வாகனம் படுத்துவிடும். குருநகர், பாசையூர் பக்கம் கடல் நீரை உறிஞ்சிய பம்பை அன்றைக்கே நல்ல தண்ணீரால் கழுவாமல் விட்டால் என்னவாகும் என்று கரையோரத்து மக்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

தீயணைப்பு வாகனத்துக்குக் கிலோமீற்றர் பார்த்துச் சேர்விஸ் செய்வதை விட்டு, மாதத்தையும் எஞ்சின் ஓடிய மணித்தியாலத்தையும் கணக்கெடுக்க வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது அடிப்பகுதியைக் கழுவி, தட்டுகளையும் போல்ட்டுகளையும் தாங்கியின் பிடிப்புகளையும் பார்க்க வேண்டும். வாகனம் வாங்கும்போதே அதற்கான செலவை ஆண்டுப் பாதீட்டில் தனியாக எழுதிவிடுவது நல்லது. மாலை போட்டு, தேங்காய் உடைத்து வாகனத்தை வரவேற்க ஆட்கள் திரள்வார்கள். ஸ்பிரிங் தட்டு மாற்றக் காசு ஒதுக்குவது எவருக்கும் புகழ் தராத வேலை.

வீதியை வெட்டுகிறவர்களிடம் கேட்பது ஒன்றுதான். மண்ணைப் படைபடையாகப் போட்டு, ஒவ்வொரு படையையும் இறுக்கிய பிறகு தாரிடுங்கள். அடுத்த மாரிக்கு முன்பே செய்தால் நல்லது.

கனரக வாகனம் திருத்துபவர்,
கொக்குவில்.