40 நாளில் 20 பேர் சரி, வழக்கமாக எத்தனை பேர்?

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கர்நாடகத்தின் ஹாசன் மாவட்டத்தில் 40 நாட்களில் 20-க்கும் மேற்பட்டோர் மாரடைப்பில் இறந்தார்கள் என்று 2025 ஜூலை தொடக்கத்தில் நம் நாளிதழ் முதல் பக்கத்தில் செய்தி போட்டது. அன்று மாலையே எதிர்வீட்டுத் தம்பி என்னிடம் வந்துவிட்டான். முப்பத்திரண்டு வயது, மில்லில் வேலை. "அம்மா, காலையிலிருந்து நெஞ்சு லேசாப் பிடிக்குது. ஈசிஜி எடுத்துரவா? நானும் ரெண்டு கொரோனா ஊசி போட்டிருக்கேனே" என்றான். கை சில்லென்று இருந்தது. நாடி பார்த்தேன், பயத்தில் ஓடிக்கொண்டிருந்தது. மைசூரு ஜெயதேவா இதய மருத்துவமனையில் அந்த வாரம் அதிகாலையிலேயே வரிசை கட்டி நின்றவர்களும் இவனைப் போலத்தான் இருந்திருப்பார்கள்.

அந்தச் செய்தியை மூன்று முறை படித்தேன். இறந்தவர்களின் வயது இருந்தது, ஊர் இருந்தது, கொரோனா தடுப்பூசி காரணமாக இருக்கலாம் என்று முதல்வர் சித்தராமையா சொன்னதும் இருந்தது. ஹாசனில் வழக்கமாக 40 நாளில் எத்தனை பேர் மாரடைப்பில் இறப்பார்கள் என்பது மட்டும் எங்கேயும் இல்லை.

நான் இருபத்தெட்டு வருஷம் கிராம சுகாதார செவிலியராக இருந்தவள். என் துணை சுகாதார நிலையத்தின் கீழ் சுமார் 5,000 பேர். வருஷக் கடைசியில் பதிவேட்டைக் கூட்டினால் சாவு முப்பதை ஒட்டித்தான் நிற்கும். ஒரு வருஷம் இருபத்தேழு, ஒரு வருஷம் முப்பத்து மூன்று. யாருக்கும் எந்த ஊசியும் போடாத மாதத்திலும் இரண்டு, மூன்று பேர் போய்விடுவார்கள். இதைப் புள்ளிவிவரத்தில் அடிப்படை விகிதம் என்கிறார்கள். எங்களுக்கு அது பதிவேட்டின் கடைசிப் பக்கம்.

அதே கணக்கை ஹாசனுக்குப் போட்டுப் பாருங்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அந்த மாவட்டத்தில் 17 லட்சத்து 76 ஆயிரம் பேர். வருஷத்துக்கு ஆயிரம் பேரில் ஆறு பேர் என்று குறைத்தே வைத்தாலும், 40 நாளில் ஆயிரம் பேருக்கு மேல் இறப்பார்கள். நம் நாட்டில் நாலில் ஒரு சாவாவது இதயமும் ரத்தக்குழாயும் சம்பந்தப்பட்டது. அப்படிப் பார்த்தால் 250-க்குக் குறையாது. இறந்தவர்கள் இளைஞர்களாயிற்றே என்பீர்கள். அந்த 250-ல் பத்தில் ஒரு பங்குதான் இள வயது என்று வைத்துக்கொண்டாலும் 25 வருகிறதே. இது என் உத்தேசக் கணக்குதான். ஆனால் மாநில அரசு அமைத்த நிபுணர் குழுவும் விசாரித்துவிட்டு, மாரடைப்பு மரணங்கள் வழக்கத்தைவிடக் கூடவில்லை என்றே சொன்னது. அந்தச் செய்தி நம் நாளிதழில் உள்பக்கத்தில் ஒரு ஓரமாக வந்தது. எதிர்வீட்டுத் தம்பி அதைப் பார்க்கவே இல்லை.

எனக்கு இவ்வளவு ஆதங்கம் ஏன் என்றால், இதே பயத்தை ஒருமுறை கண்ணால் பார்த்தவள் நான். 2021 ஏப்ரல் 15 அன்று நடிகர் விவேக் தடுப்பூசி போட்டுக்கொண்டார். 17-ம் தேதி சனிக்கிழமை விடியற்காலையில் மாரடைப்பில் இறந்தார். திங்கட்கிழமை எங்களுக்கு ஊராட்சிப் பள்ளியில் முகாம். முந்தின வாரம் வரிசையை ஒழுங்குபடுத்தவே ஒரு ஆள் வேண்டியிருந்தது. அன்று நாற்காலிகள் எல்லாம் காலி. ஒரு குப்பியில் பத்து டோஸ். திறந்தால் நாலு மணி நேரத்துக்குள் முடித்தாக வேண்டும். பத்துப் பேர் சேராமல் திறக்க மனசு வரவில்லை. ஐஸ் பெட்டியைத் திறப்பதும் மூடுவதுமாக மதியம் வரை உட்கார்ந்திருந்தேன். வந்தவர்கள் ஆறு பேர்.

வீடு வீடாகப் போனேன். டீக்கடை வைத்திருந்த ஒரு பெரியவர், "விவேக்கே போயிட்டாரு, நான் எம்மாத்திரம் நர்சம்மா" என்றார். மே மாதம் அவர் கொரோனாவில் இறந்துபோனார். ஊசி போட்டிருந்தால் பிழைத்திருப்பார் என்று இங்கே எழுதக் கை வருகிறது. எழுத மாட்டேன். ஒரே ஒருவரை வைத்து அப்படிச் சொல்ல முடியாது. விவேக்கின் மரணத்துக்கும் தடுப்பூசிக்கும் தொடர்பில்லை என்று மத்திய அரசின் குழு அந்த அக்டோபரில் அறிவித்தது. அதற்குள் இரண்டாம் அலை வந்து போய்விட்டது.

உடனே, ஊசி பற்றிய எந்தச் சந்தேகத்தையும் எழுதக் கூடாது என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். 2008 ஏப்ரலில் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மை ஊசி போட்ட நான்கு குழந்தைகள் ஒரே நாளில் இறந்தார்கள். அன்று என் கையிலிருந்த ஊசியைப் பார்க்கவே எனக்கு நடுங்கியது. அங்கேயும் இதே கணக்குதான் பேசுகிறது. ஆரோக்கியமாக இருந்த நான்கு குழந்தைகள், ஒரே ஊசி, ஒரே நாள். வழக்கமாக அப்படி எத்தனை நடக்கும்? ஒன்றுகூட இல்லை. அதைத் தற்செயல் என்று யார் சொல்லியிருந்தாலும் நான் ஏற்றிருக்க மாட்டேன். எது நிஜமான ஆபத்து, எது வெறும் பயம் என்று பிரித்துக் காட்டுவதே இந்த எண்தான். அதனால்தான் அது செய்தியில் இல்லாதபோது எனக்கு உறுத்துகிறது.

நான் கேட்பது ஒரே ஒரு வரி. "சென்ற ஆண்டு இதே நாட்களில் இங்கு இத்தனை பேர் இறந்தார்கள்" என்று இரண்டாவது பத்தியிலேயே போடுங்கள். சாவுகள் பதிவாகின்றன. பிறப்பு இறப்புப் பதிவு அலுவலகத்தில் உங்கள் மாவட்ட நிருபர் கேட்டுப் பார்க்கட்டும். எண் கிடைக்காவிட்டால், "ஒப்பிட முந்தைய ஆண்டுக் கணக்கு கிடைக்கவில்லை" என்றாவது எழுதட்டும். அந்த வரி இருந்திருந்தால் நாளிதழை விரித்து, அந்தத் தம்பிக்கு அதைக் காட்டியிருப்பேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கிராம சுகாதார செவிலியர்,
திண்டுக்கல் மாவட்டம்.