இகெல்டோ மலைக்கு அரை நாள் ஒதுக்குங்கள்

தமிழ்க் குழுக்களை ஐரோப்பியச் சுற்றுலாவுக்கு அழைத்துச் செல்லும் அமைப்பாளர்களுக்கு,

வணக்கம். ஸ்பெயினின் சான் செபாஸ்டியானுக்குக் குழுவைக் கூட்டிச் செல்லும்போது, இகெல்டோ மலையுச்சிக் கேளிக்கைப் பூங்காவைப் 'படம் எடுக்க நாற்பது நிமிடம்' என்று முடித்துவிடாதீர்கள். அங்குள்ளவை பழைய இயந்திரங்கள். அவற்றின் வேகத்துக்கு ஏற்பத்தான் உங்கள் நேரக் கணக்கு இருக்க வேண்டும்.

முதலில், பேருந்தை மலைமேல் ஏற்ற வேண்டாம். ஒண்டரெட்டா கடற்கரையின் மேற்கு முனையில் இறக்கிவிடுங்கள். அங்கிருந்து 1912இல் தொடங்கிய மரப்பெட்டி ரயில் மேலே போகிறது. பழனி விஞ்ச் போன்ற ஏற்பாடுதான்: ஒரே கம்பிவடத்தில் இரண்டு பெட்டிகள், ஒன்று ஏறும்போது மற்றது இறங்கும், நடுவழியில் விலகிக்கொள்ளும். ஒரு பெட்டியைத் தவறவிட்டால் அடுத்த முறை வரை காத்திருக்கத்தான் வேண்டும். நாற்பது பேர் என்றால் இரண்டாகப் பிரித்து அனுப்புங்கள்; வரிசையில் மற்றவர்களும் நிற்பார்கள். பராமரிப்புக்காக ரயிலை நிறுத்திவைப்பதும் உண்டு. முந்தைய நாளே விசாரித்துக்கொள்ளுங்கள்.

மேலே தவறவிடக்கூடாதது மொந்தான்யா சுயிசா. 1928இலிருந்து ஓடும் ரோலர் கோஸ்டர் இது. பாறைச் சரிவின் விளிம்பில், கீழே கடல் தெரிய ஓடுகிறது. இன்றைய ரோலர் கோஸ்டர்களில் பிரேக் தடத்திலேயே இருக்கும், கணினி பார்த்துக்கொள்ளும். இங்கே பிரேக் பிடிப்பவர் பயணிகளோடு வண்டியிலேயே வருகிறார். ஆள் நிறைந்த வண்டி இறக்கத்தில் வேகம் பிடிக்கும், பாதி காலியான வண்டி மந்தமாகும், காற்றும் கணக்கை மாற்றும். எந்த வளைவுக்கு முன்னால் எவ்வளவு பிடிப்பது என்பது அவர் கைக்குத்தான் தெரியும். அந்தத் திறமையைப் பார்ப்பதற்காகவே ஒருமுறை ஏறலாம். வழியில் எழுந்து நிற்கவோ கையை வெளியே நீட்டவோ கூடாது என்று ஏறும் முன்பே குழுவிடம் தமிழில் சொல்லிவிடுங்கள்.

தடம் நனைந்தால் பிரேக் பிடிமானம் குறையும், ஓட்டத்தை நிறுத்த வேண்டிவரும். அந்த ஊரில் 'சிரிமிரி' என்னும் பொடித்தூறல் சொல்லாமல் வரும். அதனால் மேலே போனதும் முதலில் மொந்தான்யா சுயிசா, பிறகு மற்றவை. ஒவ்வொரு விளையாட்டுக்கும் தனிக்கட்டணம் என்பதால், 'நுழைவுக் கட்டணத்தில் எல்லாம் அடக்கம்' என்று விளம்பரம் செய்யாதீர்கள். கட்டணச் சாளரத்தில் சண்டை வருவது இதனால்தான். சில்லறை யூரோவும் கைவசம் இருக்கட்டும்.

லா கோஞ்சா விரிகுடா மலைக்குக் கிழக்கே இருக்கிறது. காலையில் எடுக்கும் படத்தில் சூரியன் எதிரே நின்று சாந்தா கிளாரா தீவு கறுத்துப்போகும். பிற்பகல் மூன்று மணிக்கு மேல் ஏறினால் தீவும் நகரமும் வெளிச்சத்தில் துலங்கும். குளிர்காலத்தில் பூங்கா சீக்கிரமே மூடிவிடும், சில நாள் திறப்பதே இல்லை. ஆகவே ஏப்ரலுக்கும் அக்டோபருக்கும் இடைப்பட்ட பயணங்களில் மட்டும் இதைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இறங்கியபின் அரைமணி மிஞ்சினால், கடலோரம் சற்று நடந்து சிற்பி எதுவார்தோ சில்லிதாவின் 'காற்றின் சீப்பு' இரும்புச் சிற்பங்களைக் காட்டுங்கள். அலை சீறும் நாளில் அந்தப் பக்கம் போக வேண்டாம்.

இப்படிக்கு,
பழைய கேளிக்கைப் பூங்காக்களின் அன்பர்கள்