ஒரே வரியில் நிறுவுவதில் உள்ள வம்பு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரக் கணினிப் பகுதியில், உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளத்தில் தமிழ் எழுத்துருக்களையும் தமிழ்99 விசைப்பலகையையும் ஒரே வரியில் நிறுவும் வழி என்று ஒன்று வந்திருந்தது. இணையத்தில் கிடக்கும் ஒரு ஷெல் ஸ்கிரிப்டை (கட்டளைகளை வரிசையாக எழுதிய கோப்பு) கர்ல் என்ற இறக்கும் கருவி மூலம் இழுத்து, இறங்க இறங்க அதை, நிர்வாகி உரிமை தரும் சூடோவோடு, கட்டளைகளைப் படித்து ஓட்டும் பாஷ் என்ற ஷெல்லுக்குள் ஊற்றும் வரி. தென்னாப்பிரிக்காவின் டர்பன் பக்கத்து வார இறுதித் தமிழ் வகுப்புகளின் கணினிகளைப் பராமரிக்கும் எங்கள் வேண்டுகோள்: அதை யாரும் அப்படியே அடிக்க வேண்டாம்.

அந்த வேலைக்கு ஸ்கிரிப்டே தேவையில்லை. சூடோ ஆப்ட் இன்ஸ்டால் என்று அடித்து (ஆப்ட் என்பது உபுண்டுவின் நிறுவல் கருவி), அதே வரியில் ஃபாண்ட்ஸ்-லோஹித்-டிஏஎம்எல், ஐபஸ்-எம்17என் என்ற இரண்டு பேக்கேஜ் (நிறுவத் தயாராகக் கட்டிய மென்பொருள் பொதி) பெயர்களையும் கொடுத்தால் முடிந்தது. (கட்டளைகளை இங்கே தமிழெழுத்தில் எழுதியிருக்கிறோம், அடிப்பது ஆங்கிலச் சிற்றெழுத்தில்.) பிறகு ஒருமுறை வெளியேறி மீண்டும் உள்நுழைய வேண்டும். அதைச் செய்யாமல் செட்டிங்ஸில் தேடினால் தமிழ்99 பெரும்பாலும் பட்டியலில் இருக்காது. நிறுவல் தோற்றுவிட்டது என்று நினைத்து மறுபடி மறுபடி நிறுவுவார்கள்.

அச்சுச் சங்கதியும் ஒன்று உண்டு. தாங்கள் வெளியிட்ட வரியில் இரட்டைச் சிறுகோடு ஒரே நீளக்கோடாகிவிட்டது, நேரான மேற்கோள்குறி வளைந்துவிட்டது. ஷெல்லுக்கு இவை வேறு எழுத்துகள். பத்தி அகலம் போதாமல் கோப்பின் பாதை இடையில் உடைந்து அடுத்த வரிக்குப் போயிருக்கிறது; பார்த்து அடிப்பவர் அந்த இடத்தில் ஓர் இடைவெளி விடுவார். ஓர் இடைவெளி என்ன பாடு படுத்தும் என்பதற்கு 2011இல் லினக்ஸ் மடிக்கணினிகளின் என்விடியா வரைகலை அட்டைக்கான பம்பிள்பீ திட்டத்தில் நடந்ததே போதும். அதன் நிறுவல் ஸ்கிரிப்டில் யுஎஸ்ஆர் என்ற சொல்லுக்குப் பின்னால் ஓர் இடைவெளி விழுந்துவிட்டது. உள்ளே இருந்த ஒரு சிறு கோப்புறையை நீக்க வேண்டிய ஆர்எம் கட்டளை, மென்பொருள்கள் குடியிருக்கும் யுஎஸ்ஆர் கோப்புறையையே துடைத்தெடுத்தது. நிர்வாகி உரிமையோடு ஓடும் ஸ்கிரிப்டை யார் தடுப்பது?

2015இல் ஸ்டீம் விளையாட்டு மென்பொருளின் லினக்ஸ் ஸ்கிரிப்டில் இன்னொரு வகை. தன் கோப்புறையின் பெயரை ஒரு மாறியில் (மதிப்பைத் தாங்கும் பெயர்) வைத்து, அதற்குள் உள்ளதை அழிக்கும்படி எழுதியிருந்தார்கள். மாறி வெறுமையாக வந்தபோது பாதையில் மிஞ்சியது சாய்கோடு மட்டும், அதாவது எல்லாக் கோப்புறைகளுக்கும் மேலான இடம். பயனர்களின் சொந்தக் கோப்புகள் வரை போயின. செட் -யூ போட்டால் தப்பிக்கலாம் என்பார்கள். அது அறிவிக்கப்படாத மாறியைத்தான் பிடிக்கும், வெறுமையான மாறியை விட்டுவிடும். அழிக்கும் வரியில் மாறியின் பெயருக்குப் பின்னால் முக்காற்புள்ளியும் கேள்விக்குறியும் சேர்த்து, அலைக்கோட்டு அடைப்புக்குள் எழுதினால்தான் வெறுமையானதும் ஸ்கிரிப்ட் நிற்கும்.

இறங்க இறங்க ஊற்றுவதில் வேறொரு வினை. முழுக்கோப்பும் வந்து சேரட்டும் என்று பாஷ் காத்திருக்காது. மொபைல் டேட்டா பாதியில் அறுந்தால், வந்து சேர்ந்த அரை வரியையும் ஒரு கட்டளையாக நினைத்து ஓட்டிவிடும். விவரம் தெரிந்தவர்கள் எல்லாவற்றையும் மெயின் என்ற ஒரு ஃபங்ஷனுக்குள் அடக்கி, அதைக் கடைசி வரியில் மட்டும் அழைப்பார்கள். கடைசி வரி வராவிட்டால் எதுவும் ஓடாது. தாங்கள் வெளியிட்டதில் அது இல்லை.

சூடோவோடு ஓடும் ஸ்கிரிப்டில் ஹோம் என்ற மாறி, இப்போதைய உபுண்டுவில் ரூட் என்ற நிர்வாகிக் கணக்கின் வீட்டுக் கோப்புறையையே காட்டும். எழுத்துருவை அங்கே கொண்டுபோய் வைத்தால் மாணவரின் கணக்கில் எப்படித் தெரியும்? விண்டோஸ் நோட்பேடில் புதிதாக எழுதிய ஸ்கிரிப்டுக்கு வரி முடிவில் கண்ணுக்குத் தெரியாத ஓர் எழுத்து ஒட்டிக்கொண்டு வரும்; டாஸ்டுயூனிக்ஸ் கட்டளையால் அதை நீக்கலாம். எஸ்ஹெச் என்று தொடங்கி ஓட்டினால், 2006 முதல் உபுண்டுவில் ஓடுவது பாஷ் அல்ல, டேஷ் என்ற வேறு ஷெல். பாஷில் எழுதும் இரட்டைச் சதுர அடைப்பு அதற்குப் புரியாது.

உபுண்டு நம் நாட்டு வெல்கம் நகரில் பிறந்த மார்க் ஷட்டில்வொர்த் தொடங்கியது என்று மார்தட்டிக்கொள்கிறோம். அது நிற்பது டெபியன் என்ற இன்னொரு லினக்ஸ் மேல். டெபியனின் பலம் டிபிகேஜி. எந்தக் கோப்பு எங்கிருந்து வந்தது என்று கணக்கு வைத்து, கேட்டால் திருப்பி எடுத்துக்கொள்ளும் கருவி அது. வகுப்புக்கென்று நாமே வைத்திருக்கும் எழுத்துருக்களையும் பயிற்சிகளையும் டெப் பேக்கேஜாகக் கட்ட அரைமணி நேரம் போதும்.

ஒரு கோப்புறை எடுங்கள். அதற்குள் யுஎஸ்ஆர், ஷேர், ஃபாண்ட்ஸ், ட்ரூடைப் என்று அடுக்கி எழுத்துருக்களை வையுங்கள். அனுமதி எண், கோப்புகளுக்கு 644, கோப்புறைகளுக்கு 755. பேக்கேஜ் எதையும் யுஎஸ்ஆர்-லோக்கலில் வைக்கக் கூடாது, அது கணினிக்காரரின் சொந்த இடம். உங்கள் கோப்புறைக்குள், யுஎஸ்ஆருக்குப் பக்கத்தில் டெபியன் என்ற கோப்புறை, இது மட்டும் ஆங்கிலப் பேரெழுத்தில். அதற்குள் கண்ட்ரோல் கோப்பு: பேக்கேஜ், வெர்ஷன், ஆர்க்கிடெக்சர், மெயின்டெய்னர், டிஸ்கிரிப்ஷன் என ஐந்து வரி. எழுத்துருவுக்கு ஆர்க்கிடெக்சர் ‘ஆல்’, அதாவது எல்லாச் செயலி வகைக்கும். பெயரில் சிற்றெழுத்து, எண், கூட்டல், கழித்தல், புள்ளி தவிர வேறெதுவும் கூடாது. அடிக்கோட்டைப் போட்டுவிட்டு விழிப்பவர்கள் அதிகம். கடைசி வரிக்குப் பின் ஒரு என்டர் அவசியம். வெர்ஷனில் 1.10 என்பது 1.9ஐவிடப் புதியது.

பிறகு டிபிகேஜி-டெப், இரட்டைக்கோடு பில்ட், இரட்டைக்கோடு ரூட்-ஓனர்-குரூப், கோப்புறையின் பெயர். மூன்றாவதை விட்டால் கோப்புகளெல்லாம் கட்டியவரின் பயனர் எண்ணுக்கு, பெரும்பாலும் 1000க்கு, சொந்தமாகப் போய்ச் சேரும். வகுப்புக் கணினியில் அந்த எண் பெரும்பாலும் பிள்ளைகள் நுழையும் முதல் கணக்குதான். எழுத்துருப் பட்டியலைப் புதுப்பிக்கும் எஃப்சி-கேஷை ஓட்டத் தனி ஸ்கிரிப்ட் எழுத வேண்டாம்; யுஎஸ்ஆர்-ஷேர்-ஃபாண்ட்ஸில் ஏதாவது வந்து விழுந்தால் எழுத்துருக்களைக் கவனிக்கும் ஃபாண்ட்கான்ஃபிக் தானே விழித்துக்கொள்ளும். ஷெல் ஸ்கிரிப்டை இந்தக் கட்டும் வேலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். தவறு நேர்ந்தாலும் கட்டுபவரின் கணினியோடு போகும்.

கிடைத்த டெப் கோப்பைப் பென் டிரைவில் எடுத்துப் போனால் வகுப்புக்கு வகுப்பு டேட்டா செலவில்லை. சூடோ ஆப்ட் இன்ஸ்டால் கொடுத்து, கோப்பின் பெயருக்கு முன்னால் புள்ளியும் சாய்கோடும் சேர்க்க வேண்டும். சேர்க்காவிட்டால் ஆப்ட் தன் பேக்கேஜ் பட்டியலில் தேடப் போய்விடும். முடிவில் அண்டர்ஸ்கோர்-ஆப்ட் என்ற பயனரைப் பற்றி ஓர் அறிவிப்பு வந்தால் பதற வேண்டாம், பேக்கேஜ் ஏறிவிட்டது.

நடுவில் கரண்ட் போனால்? லோட் ஷெட்டிங் (முறைவைத்து நிறுத்தும் மின்வெட்டு) குறைந்திருக்கிறதே தவிர, ஃபியூஸ் போவது குறையவில்லை. வெறும் ஸ்கிரிப்ட் எங்கே நின்றது என்று யாருக்கும் தெரியாது. டிபிகேஜிக்குத் தெரியும்: மீண்டும் எழுந்ததும் சூடோ டிபிகேஜி, இரட்டைக்கோடு கான்ஃபிகர், -ஏ என்று கொடுத்தால், பிரிக்கப்பட்டு அமைக்கப்படாமல் நின்ற பேக்கேஜ்களை அமைத்து முடிக்கும்.

அடுத்த இதழில் அந்த ஆப்ட் வரியை, ஒவ்வோர் எழுத்தும் ஒரே அகலமுள்ள எழுத்துருவில், பத்திக்குள் உடைக்காமல், இரண்டு பத்திகளின் முழு அகலத்துக்கும் அச்சிட வேண்டுகிறோம். அச்சுக்கோப்பில் மேற்கோள்குறியைத் தானே வளைக்கும் வசதியை அந்தப் பெட்டிக்கு மட்டும் நிறுத்திவிடுங்கள்.

இப்படிக்கு,
வார இறுதித் தமிழ் வகுப்புக் கணினிப் பராமரிப்புத் தொண்டர்கள்,
சாட்ஸ்வர்த், டர்பன்