53 வயதில் கப்பல் ஏறியவர்

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே எல்லோரும் நலம். என் முழங்கால் மட்டும் மாடிப்படியில் மக்கர் பண்ணுகிறது. பேத்தி பியானோ வகுப்புக்குப் போகிறாள். வீடு முழுக்க ஒரே பாட்டு, அதுவும் பாதியில் நின்றுவிடுகிற பாட்டு.

பெரியவன் கனடாவுக்குக் கூப்பிடுகிறான், 53 வயசில் பட்டறையைச் சின்னவன் கையில் கொடுத்துவிட்டுப் போனால் ஊர் சிரிக்காதா என்று கேட்டிருக்கிறாய். படித்ததும் எனக்கு ஒரு ஜெர்மன் தச்சர் ஞாபகம்தான் வந்தது. கப்பல் ஏறும்போது அவருக்கும் 53தான். நான் குடியிருக்கும் நியூயார்க் ஆஸ்டோரியாவில் அவர் குடும்பப் பெயரில் நீளமாக ஒரு கடைத்தெருவே உண்டு, ஸ்டைன்வே தெரு. இப்போது அதில் ஒரு பகுதி முழுக்க எகிப்துக்காரர்களின் கடைகள், எந்நேரமும் ஹூக்கா புகை. ஸ்டைன்வே யார் என்று கேட்டால் பியானோ கம்பெனி என்பார்கள். கம்பெனி கிடக்கட்டும், ஆளைப் பற்றிச் சொல்கிறேன்.

ஹைன்ரிஷ் எங்கல்ஹார்ட் ஸ்டைன்வெக். அந்த ஸ்டைன்வெக்தான் அமெரிக்கா வந்தபின் ஸ்டைன்வே ஆனது. 1797இல் ஹார்ஸ் மலைப்பக்கம் வோல்ஃப்ஸ்ஹாகன் என்ற சின்ன ஊரில் பிறந்தவர். சிறு வயதில் இடி விழுந்து அப்பாவையும் அண்ணன்மாரையும் ஒரே நாளில் பறிகொடுத்தார் என்று அந்தக் குடும்பத்தில் சொல்லி வந்திருக்கிறார்கள். குடும்பக் கதைகள் சொல்லச் சொல்ல வளரும், உனக்குத் தெரியாததா? பிறகு சேஸன் என்ற ஊரில் மரவேலை செய்து பிழைத்தார், யூலியானேயைக் கட்டினார், வரிசையாகப் பிள்ளைகள். 1836இல் அவர் தன் முதல் கிராண்ட் பியானோவைச் செய்தது வீட்டுச் சமையலறையில்! ஒரு பக்கம் அடுப்பு, ஒரு பக்கம் இழைப்புளி, காலடியில் மரச்சுருள், அதற்குள் பிள்ளைகள். அந்தக் குடும்பம் பின்னாளில் எத்தனையோ மெடல் வாங்கியது. முதல் மெடலை யூலியானேயின் பொறுமைக்குக் கொடுத்திருக்க வேண்டும்.

ஜெர்மனியில் இருந்தபோதே 482 பியானோ செய்துவிட்டார். ஆனால் அன்றைய ஜெர்மனி குட்டிக் குட்டி ராஜ்யங்கள். எல்லை தாண்டினால் சுங்கம். போதாததற்கு 1848 கலகம். மகன் கார்ல் முதலில் நியூயார்க் வந்து பார்த்து, தைரியமாக வரலாம் என்று எழுதினான். 1850 ஜூன் கடைசியில் குடும்பம் வந்து இறங்கியது. அவர்கள் வந்த ‘ஹெலன ஸ்லோமான்’ நீராவிக் கப்பல் அதே வருஷம் நவம்பரில் அட்லாண்டிக்கில் மூழ்கிப்போனது. தப்பித்தார்கள் என்று வை.

எனக்கு இந்தக் கதையில் ரொம்பப் பிடித்த இடம் அடுத்து வருகிறது. இத்தனை வருஷம் முதலாளியாக இருந்த மனுஷன், வந்ததும் போர்டு மாட்டவில்லை. இன்னொருவர் பட்டறையில் வாரம் 6 டாலர் கூலிக்குச் சவுண்ட்போர்டு, அதாவது கம்பியின் சத்தத்தைப் பெருக்கும் பலகை, இழைக்கப் போனார். நம்ம ஊரில் ஒரு மேஸ்திரி அப்படிப் போவாரா? பிள்ளைகளும் ஆளுக்கொரு பட்டறையில் வேலை. வில்லியமுக்கு அப்போது 15 வயது. இந்த ஊரில் எந்த மரம் கிடைக்கிறது, என்ன விலை, குளிர்காலத்துச் சூடேற்றிய அறையில் பலகை எப்படி நடந்துகொள்கிறது, எல்லாவற்றையும் அடுத்தவன் பட்டறையில் கற்றுக்கொண்டு, 1853 மார்ச் 5ஆம் தேதிதான் வேரிக் தெருவில் ஒரு கட்டடத்தின் பின்பக்கம் சொந்தமாகத் தொடங்கினார்கள். முதல் பியானோவுக்கு எண் 1 போடவில்லை, 483 என்று போட்டார் கிழவர். ஜெர்மனியில் செய்த கணக்கு விட்டுப்போகக் கூடாது பார்! 500 டாலருக்கு விற்ற அந்த 483 இப்போது சேஸன் ஊர் மியூசியத்தில் இருக்கிறது. சமையலறையில் செய்தது இங்கே நியூயார்க் மெட்ரோபாலிட்டன் மியூசியத்தில். நீ வந்தால் கூட்டிப்போகிறேன்.

குடும்பமே தொழில், தொழிலே குடும்பம். மூத்த மகள் டோரட்டா விற்பனையில் கெட்டிக்காரி. வாங்கத் தயங்குகிறவர்களிடம், வாசிக்க நானே இலவசமாகச் சொல்லித் தருகிறேன் என்பாளாம். ஹென்றி என்ற மகன், கிராண்ட் பியானோவில் கட்டைச்சுரக் கம்பிகளை மற்றவற்றுக்கு மேலே குறுக்காக இழுத்துக் கட்டும் முறைக்கு 1859இல் பேட்டன்ட் வாங்கினான். கம்பி நீளமாகும், சத்தம் கனக்கும். இன்றைய கிராண்ட் பியானோவின் மூடியைத் தூக்கினால் நீ பார்ப்பது அந்த அமைப்புதான்.

ஆனால் மாப்ளே, மூத்த மகன் தியோடர் அப்பாவோடு கப்பல் ஏறவில்லை. ஜெர்மனியிலேயே தங்கிப் பழைய தொழிலை நடத்தினான். பிறகு பிரவுன்ஷ்வைக் நகரத்தில் நன்றாகவே காலூன்றிவிட்டான். 1865 மார்ச்சில் நியூயார்க்கில் ஹென்றி காசநோயில் போனான். அதே மாதக் கடைசியில் கார்ல், ஊருக்குப் போன இடத்தில், டைபாய்டில் போனான். ஒரே மாதத்தில் இரண்டு பிள்ளைகள். தியோடர் தன் கம்பெனியை விற்றுவிட்டு, மனசில்லா மனசோடு, நியூயார்க் வந்தான். வந்தவன் பியானோவையே மாற்றி எழுதினான் என்று சொல்ல வேண்டும். நீளமான மெல்லிய மேப்பிள் பலகைகளை ஒன்றின்மேல் ஒன்றாகப் பசை போட்டு, பசை காயுமுன் ஆட்கள் சேர்ந்து தூக்கிவந்து, இரும்பு அச்சைச் சுற்றி வளைத்துக் கிளாம்ப் போட்டு முறுக்குவார்கள். பியானோவைச் சுற்றியிருக்கும் சட்டம் முழுக்க ஒரே வளைவில் வந்துவிடும். 1880இல் அவன் பேட்டன்ட் எடுத்தது. இங்கே ஆஸ்டோரியா தொழிற்சாலையில் இன்றும் அதே மாதிரிதான் கையால் வளைக்கிறார்கள். உன் மாதிரி ஆள் பார்த்தால் அந்த இடத்தை விட்டு நகரமாட்டாய். இத்தனை செய்தும் தியோடருக்கு நியூயார்க் ஒட்டவில்லை; கடைசியில் ஜெர்மனிக்கே திரும்பிப் போய் அங்கேயே இறந்தான்.

கிழவர் 1871 பிப்ரவரியில் காலமானார், புரூக்லினில் கிரீன்வுட் கல்லறையில் இருக்கிறார். எல்லாரும் அவர் தைரியத்தைத்தான் பேசுவார்கள். எனக்கு அவர்மேல் மரியாதை உண்டு, ஆனால் ஒரு குறையும் உண்டு. அந்தத் தைரியத்துக்கு முட்டுக் கொடுத்து நின்றவன் தியோடர். அங்கே நிற்கவும் அவன்தான், இங்கே ஓட்டை விழுந்தால் அடைக்கவும் அவன்தான்.

அதனால் ஊர் சிரிக்குமா என்ற உன் கேள்விக்கு நான் பதில் சொல்லப்போவதில்லை, ஊர் எப்போதும் சிரிக்கும். நீ எழுதிய நாலு பக்கத்தில் சின்னவனைப் பற்றி ஒரே ஒரு வரிதான் இருந்தது, ‘அவன் பாத்துக்குவான்’ என்று. அவனைக் கேட்டாயா? பட்டறை அவனுக்கு வேண்டுமா? கடன் எவ்வளவு பாக்கி? இதையெல்லாம் அடுத்த கடிதத்தில் எழுது. முடிந்தால் அவனையே ஒரு பக்கம் எழுதச் சொல்.

தங்கச்சியைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரன்